மூன்றால் பெருக்கும் முன் பாருங்கள்: விமான இறக்கக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கே இறங்கத் தொடங்க வேண்டும் என்று சொல்ல விமானத்திலேயே கணினி இருக்கிறது. ஆனால் அதில் ஒரு எண்ணைத் தவறாக ஏற்றிவிட்டால், அதுவும் தவறாகத்தான் சொல்லும். அதைப் பிடிப்பதற்காவது மனக்கணக்கு வேண்டும்.

கணக்கு எளிது. இழக்க வேண்டிய உயரத்தை ஆயிரம் அடிகளில் எடுத்து மூன்றால் பெருக்கினால், தேவையான தூரம் கடல் மைலில் வந்துவிடும். 30,000 அடிக்கு 90 மைல். உண்மையில் வழக்கமான 3 டிகிரி சரிவில் மைலுக்கு 318 அடிதான் இறங்குவோம், அதனால் சரியான விடை 94 மைலுக்குப் பக்கம். அந்த நாலு மைலைக் கையிருப்பு என்று நினைத்துவிடாதீர்கள். அது ஏற்கெனவே பற்றாக்குறை.

பெருக்கலில் யாரும் தவறுவதில்லை. எதைப் பெருக்குகிறோம் என்பதில்தான் தவறுகிறார்கள். 35,000 அடியில் பறக்கிறோம், விமான நிலையம் 5,000 அடி உயரத்தில் இருக்கிறது என்றால் இழக்க வேண்டியது 30,000 அடிதான். உயரமானி காட்டுவதை அப்படியே பெருக்கினால் 15 மைல் முன்னதாகவே இறங்கத் தொடங்கி எரிபொருளை வீணாக்குவோம்.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். அதே 35,000 அடியில் பறக்கிறோம்; கடல் மட்டத்தில் இருக்கும் ஓடுபாதைக்கு 40 மைல் முன்னால் ஒரு புள்ளி. அதை 10,000 அடியில், 250 நாட் (மணிக்கு 250 கடல் மைல்) வேகத்தில் கடக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஓடுபாதையை மனதில் வைத்துக் கணக்குப் போட்டால் 105 மைலில் இறங்கத் தொடங்கினால் போதும் என்று வரும். புள்ளியை வைத்துப் போடுங்கள்: 25,000 அடிக்கு 75 மைல், வேகத்தை 290லிருந்து 250க்குக் குறைக்க 4 மைல், அப்புறம் அந்த 40. மொத்தம் 119. பதினான்கு மைல் தாமதமாகிவிட்டது.

அந்த 4 மைலை மறப்பதும் தனித் தவறுதான். 10 நாட் குறைக்க ஒரு மைல் என்று ஒதுக்க வேண்டும். ஜெட் விமானம் சரிவில் இறங்கிக்கொண்டே வேகத்தையும் எளிதில் குறைக்காது.

இறங்கும் வேகத்துக்கு வருவோம். தரைவேகத்தை, அதாவது தரையைப் பொறுத்து விமானம் நகரும் வேகத்தை நாட்டில் எடுத்து, ஐந்தால் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை அடி என்று கிடைக்கும். பலர் வேகமானியைப் பார்த்துப் பெருக்கிவிடுகிறார்கள். காற்று மெலிந்த உயரத்தில் அது 280 காட்டும்போது தரைவேகம் 440 இருக்கலாம். 1,400 அடி போதும் என்று நினைப்போம், தேவையோ 2,200. பின்காற்று இருந்தால் வித்தியாசம் இன்னும் கூடும்.

ஒருமுறை கணக்குப் போட்டுவிட்டு அதோடு விட்டுவிடுவதைத்தான் நான் பெரிய தவறு என்பேன். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் குறுக்கு வழி கொடுத்து 20 மைலைக் குறைத்தால், நேர்த்தியாக இறங்கிக்கொண்டிருந்தவர் ஒரே நொடியில், இருக்க வேண்டியதைவிட 6,000 அடிக்கு மேல் உயரமாகிவிடுகிறார். அதனால் ஒவ்வொரு 5,000 அடிக்கும் ஒருமுறை பாருங்கள். உதாரணமாக, இழக்க இன்னும் 18,000 அடி, வேகம் 290, மிச்சம் 52 மைல். உயரத்துக்கு 54, வேகத்தை 180க்குக் கொண்டுவர 11, ஆக 65 வேண்டும். 13 மைல் குறைகிறது. ஸ்பீட் பிரேக்கை (இறக்கை மேல் எழுந்து காற்றைத் தடுக்கும் பலகைகளை) இப்போதே விரித்துவிடுங்கள். வேகம் அதிகமாக இருக்கும்போதுதான் அது நன்றாகப் பிடிக்கும். ‘கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்’ என்று விட்டால் அதன் பலனும் குறைந்துகொண்டே போகும்.

சிறிய விமானத்தில் காது அடைக்காமல் இருக்க நிமிடத்துக்கு 500 அடி என்று மெதுவாக இறங்குவார்கள். அங்கே மூன்றால் பெருக்கக் கூடாது, நேரத்தை வைத்துப் போட வேண்டும். 6,000 அடிக்கு 12 நிமிடம். தரைவேகம் 120 நாட் என்றால் நிமிடத்துக்கு 2 மைல், ஆக 24 மைல். மூன்றால் பெருக்கியிருந்தால் 18 என்று வந்திருக்கும்.

இவ்வளவு பார்த்தும் சில நாள் உயரமாகத்தான் வந்து நிற்போம். 12,000 அடி இழக்க வேண்டும், 24 மைல்தான் இருக்கிறது என்றால், மூக்கைக் கீழே அழுத்தி வேகத்தை ஏற்றிக்கொள்ளாதீர்கள். கட்டுப்பாட்டாளரிடம் கூடுதலாக 15 மைல் கேளுங்கள். தாமதிக்காமல் கேட்டால், பெரும்பாலும் ஒரு சுற்று வழி கொடுத்துவிடுவார்.