வளைத்தால் கதறும் எஞ்சின்

கொல்லங்கோட்டில் ஏ.வி.எம். கால்வாயை ஒட்டி எனக்கு ஒரு சிறிய பட்டறை இருக்கிறது. 22 ஆண்டுகளாகப் படகு எஞ்சின் வேலைதான். நீரோடி, பொழியூர் வள்ளங்கள்தான் அதிகம் வரும். எல்லாமே ஃபைபர். சென்ற மாசியில் என் அக்காள் மகன், பூவாரில் ஆள் ஏற்றுவதற்காக வாங்கிய 14 அடி அலுமினியப் படகைக் கொண்டுவந்தான். தட்டையான அடி, அமரத்தில், அதாவது பின்முனையில், 25 குதிரைத்திறன் எஞ்சின்.

“நேராக ஓடினால் ஒரு குறையும் இல்லை மாமா. பொழிப் பக்கம் வளைத்தால் எஞ்சின் கதறுகிறது, படகு அப்படியே நின்றுவிடுகிறது” என்றான்.

வேறொரு பட்டறையில் இரண்டு முறை கார்புரேட்டரைக் கழுவியிருந்தார்கள். இரண்டு முறையும் பணம் கொடுத்திருக்கிறான். எனக்கு வயிறு எரிந்தது. எரிபொருள் போதாத எஞ்சின் கதறாது, இருமும். சுற்று குறைந்து அமுங்கிப்போகும். சுற்று சட்டென்று ஏறி, படகின் வேகம் மட்டும் விழுகிறது என்றால் புரொப்பல்லருக்குப் பிடிக்கத் தண்ணீர் இல்லை என்று பொருள். அங்கே காற்று புகுந்திருக்கிறது.

டீசல் எஞ்சின்காரர்கள் ‘ஏர் பிடித்துவிட்டது’ என்பார்களே, அது எண்ணெய்க் குழாயில் புகும் காற்று. இது வேறு. மேல்மட்டத்துக் காற்றையோ எஞ்சின் புகையையோ புரொப்பல்லர் தன் இறக்கைகளுக்குள் இழுத்துக்கொள்கிறது. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு கனமானது. அதைத் தள்ளுவதற்கென்று செய்த இறக்கையிடம் காற்றைக் கொடுத்தால் சும்மா சுழலத்தானே செய்யும். புரொப்பல்லருக்கு நேர் மேலே படுக்கையாக நிற்கும் தகட்டைப் பலரும் ‘கேவிடேஷன் பிளேட்’ என்கிறார்கள். அந்தப் பெயர் தவறு. கேவிடேஷன் என்பது அழுத்தம் குறைந்து தண்ணீரே ஆவியாகிக் குமிழாக வெடிப்பது. அது இறக்கையில் அம்மைத் தழும்பு போலக் குழி போடும். தகட்டின் வேலை மேலிருந்து காற்று இறங்காமல் தடுப்பது. அந்தத் தகடு எங்கே நிற்கிறது என்பதில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது.

நேரோட்டத்தில் படகின் அடியிலிருந்து வழுக்கி வரும் தண்ணீர் பின்னால் சற்று மேலெழும். தகடு கொஞ்சம் உயரத்தில் இருந்தாலும் அந்தத் தண்ணீர் காப்பாற்றிவிடும். வளைக்கும்போது அது கிடைக்காது. தட்டையடிப் படகு தண்ணீரைக் கடித்துக்கொண்டு திரும்பாது, பக்கவாட்டில் சறுக்கும். அமரப் பலகைக்குப் பின்னால் ஒரு பள்ளம் விழும். எஞ்சினும் அப்போது சாய்வாகத் திரும்பி நிற்கும். பள்ளத்துக் காற்று நேரே இறக்கைக்குப் போய்விடும்.

ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் ஒன்றைத் தீர்த்துக்கொள்ளுங்கள். புரொப்பல்லரின் நடுவே ஒரு ரப்பர் புஷ் உண்டு. அது வழுக்கினாலும் எஞ்சின் இதே மாதிரிதான் கதறும். நடுக்குழாயின் பின்முகத்தில், உள்வளையத்திலிருந்து வெளிவளையம் வரை வெள்ளைப் பெயிண்டால் ஒரு நேர்க்கோடு போட்டு, ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு இரண்டாக விலகியிருந்தால் புஷ் போய்விட்டது, புரொப்பல்லரைப் பட்டறையில் கொடுத்து புஷ் மாற்ற வேண்டும். மருமகனின் படகில் கோடு அசையவில்லை.

அடுத்தது அளவு. படகைக் கரையேற்றி இரண்டு தென்னந்தடிமேல் வைத்தோம். கொத்தனார் வைத்திருக்கும் ஆறடி மட்டக்கோலை அடிப்பலகையோடு ஒட்டி, பின்பக்கம் எஞ்சின் வரை நீட்டிப் பிடித்தோம். தகடு அடிக்கு இணையாக வரும்படி எஞ்சினை நிறுத்தி, கோலுக்கும் தகட்டுக்கும் நடுவே டேப் வைத்தேன். தகடு ஓரங்குலம் மேலே நின்றது. குனிந்து பார்த்தால் அமரப் பலகையின் தலையில் ஒன்றரை அங்குல அயனிப் பலகை ஒன்று. பழைய சொந்தக்காரர் அதன்மேல்தான் எஞ்சினை ஏற்றி இறுக்கியிருந்தார்.

ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்குத் தெரியும். நெய்யாறு கடலில் விழும் பூவார்ப் பொழியில் மணல் ஒரு நாள் கிடந்த இடத்தில் மறுநாள் கிடக்காது. எஞ்சினின் கீழ்ச்சிறகு மணலில் உரசினால் யாருக்கும் மனம் பதறும். ஆனால் ஆழம் குறைந்த இடத்துக்கு எஞ்சினிலேயே வழி இருக்கிறது. வேகத்தைக் குறைத்து, ஆழமற்ற நீருக்கான லிவரைப் போட்டுச் சற்றுத் தூக்கி, மெதுவாகக் கடக்க வேண்டும். அந்த நூறு மீட்டருக்காக நாள் முழுவதும் எஞ்சினை உயரத்தில் கட்டிவைப்பது சரியில்லை. ஆட்களை ஏற்றிக்கொண்டு, எதிரே இன்னொரு படகு வரும் வளைவில் எஞ்சின் பிடி விட்டால் சுக்கானும் விட்டுப்போகும். எனக்கு அந்தப் பயம்தான் பெரிது.

தகடு அடிமட்டத்துக்குச் சமமாகவோ, ஓரங்குலம் வரை கீழேயோ நிற்கலாம். இந்த மாதிரிச் சிறிய அலுமினியப் படகுக்கு அரை அங்குலம் கீழே வைத்துத் தொடங்குவது என் பழக்கம். பலகையைக் கழற்றியதும் சரியாக அந்த இடத்துக்கு வந்துவிட்டது. போல்ட்டுத் துளை வரிசை உள்ள எஞ்சினில் ஒரு துளை மாற்றினால் பெரும்பாலும் முக்கால் அங்குலம் இறங்கும். மிகவும் இறக்கிவிடாதீர்கள். தண்ணீர் பீய்ச்சியடிக்கும், சுக்கான் கனக்கும், வேகம் குறையும். படகு வாங்குகிறவர்கள் அமரப் பலகையின் உயரத்தையும் எஞ்சின் தண்டின் அளவையும் ஒத்துப் பாருங்கள். குட்டைத் தண்டு 15 அங்குலப் பலகைக்கு, நீளத் தண்டு 20 அங்குலத்துக்கு. குட்டைத் தண்டை 20 அங்குலத்தில் மாட்டினால் எந்த வைத்தியமும் பலிக்காது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, சுற்றுலாப் படகுகள் கிளம்புவதற்கு முன், அகலமான ஆற்றுப் பகுதியில் ஓட்டினோம். எஞ்சின் நிறுத்தக் கயிற்றை மணிக்கட்டில் மாட்டாமல் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. பிடி விட்ட புரொப்பல்லர் திடீரென்று தண்ணீரைப் பிடித்தால் படகு துள்ளும், ஆள் வெளியே விழுவார். இடப்பக்கம் மூன்று வளைவு, வலப்பக்கம் மூன்று வளைவு, ஒரே வேகம். இடப்பக்கம் சுத்தமாக வந்தது. வலப்பக்கம் இன்னும் கொஞ்சம் கதறியது.

ஒரு பக்கம் மட்டும் கதறினால் அடியில் ஏதோ ஒன்று தண்ணீரைக் கிழிக்கிறது. ஆழமானியின் சென்சாரைப் புரொப்பல்லருக்குப் பக்கத்திலேயே மாட்டியிருந்தார்கள். அதற்குப் பின்னால் நுரைக்கோடு விழுவது கண்ணுக்கே தெரிந்தது. நடுவிலிருந்து ஒன்றேகால் அடிக்கு மேல் தள்ளி மாட்டினோம். பழைய துளைகளை ரிவெட்டும் கடல்நீர் தாங்கும் சீலண்டும் வைத்து அடைத்தேன்.

இன்னொன்று ஏரா, படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு. ரிவெட் அடித்த அலுமினியப் படகுகள் பலவற்றில் நடுவே ஒரு ஏரா அமரப் பலகை வரை நீண்டு நிற்கும். அதன் முனை புரொப்பல்லருக்கு நேர் எதிரே வரும்போது, கிழிபட்ட தண்ணீர் நுரையோடு இறக்கைக்குப் போகிறது. உயரமும் சாய்வும் சரிசெய்த பிறகும் தீராவிட்டால்தான் இதில் கை வைக்க வேண்டும், வெட்டியதை ஒட்டவைக்க முடியாது. இந்தப் படகில் இன்னும் மிச்சமிருந்ததால், ஏராவின் கடைசி ஓரடியில், கீழே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பை மட்டும் சரிவாக அராவினேன். உடம்போடு ரிவெட் போட்டிருக்கும் பட்டையைத் தொடவில்லை. பிறகு படகுக்குள் நான்கு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு, அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டேன். கால்மணி நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் மூன்றாவது ரிவெட்டின் தலையைச் சுற்றி ஈரம் கசிந்து, ஒரு வளையமாகக் கூடி, துளியாகத் திரண்டு என் கன்னத்தில் விழுந்தது. சாக்குக்கட்டியால் வட்டம் போட்டு, காயவைத்து, அந்த ரிவெட்டை மாற்றினேன். தண்ணீரில் இறக்கியபின் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

ஏராவுக்கு முன்பே பார்க்க வேண்டியது என்றேனே, அந்தச் சாய்வு எளிது. எஞ்சின் சாயும் பின்னைப் பலகைக்கு ஒரு துளை நெருக்கமாக மாற்றினால் முகப்பு தாழ்ந்து, புரொப்பல்லர் ஆழத்தில் நிற்கும். பொத்தானை அழுத்திச் சாய்வை மாற்றும் பவர் டிரிம் உள்ளவர்கள் வளைவுக்கு முன் உள்ளே இழுத்துக்கொள்ளலாம். பெட்ரோல் டேங்கை ஒரு மூலையில் வைக்காதீர்கள், நடுக்கோட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

கடைசியில் புரொப்பல்லர். மணலில் ஓடி அதன் முன்விளிம்பு மழுங்கியிருந்தது. பின்விளிம்பில் உதடு மாதிரி ஒரு சிறிய மடிப்பு இருக்கும், தண்ணீரை விடாமல் பிடிப்பது அதுதான். நகத்தால் தடவினால் தட்டுப்பட வேண்டும், இதில் தேய்ந்து போயிருந்தது. நடுக்குழாயின் பின்வாயில் விரிந்திருக்கும் வளையம் உடைந்தாலும் எஞ்சின் புகை இறக்கைக்குத் திரும்பி வந்துவிடும், அதையும் பாருங்கள். நான்கு இறக்கை மாட்டினோம். மூன்றைவிட வளைவில் இது நன்றாகப் பிடிக்கும். மாற்றும்போது பிட்ச்சை, அதாவது ஒரு சுற்றில் புரொப்பல்லர் முன்னேறும் கணக்குத் தூரத்தை, ஓரங்குலம் குறைத்து வாங்க வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் முக்கும். முழு வேகத்தில் மேனுவல் சொல்லும் சுற்றுக்குள் நிற்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். தகட்டில் துளை போட்டு மாட்டும் பிளாஸ்டிக் சிறகுகளை நான் பரிந்துரைப்பதில்லை. உயரம் தவறாக இருக்கும் படகில் அது நோயை மறைத்துவைக்கும்.

ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டுத்தான் புரொப்பல்லரில் கை வையுங்கள். இறக்கைக்கும் தகட்டுக்கும் நடுவே மரக்கட்டை கொடுத்து நட்டை இறுக்கி, புதிய காட்டர் பின் போடுங்கள். தண்டில் தண்ணீர் படாத கிரீஸ் வேண்டும். உப்புத் தண்ணீரில் அலுமினியத்தோடு செம்போ பித்தளையோ சேர்ந்தால் அரித்துத் தின்றுவிடும், அதனால் வாஷராகக்கூட வைக்காதீர்கள். எஞ்சினுக்குப் பதிலாகத் தான் அரிபட்டு அதைக் காக்கும் தியாக உலோகக் கட்டிமேல் பெயிண்ட் அடித்துவிடாதீர்கள்.

இத்தனையும் செய்த பிறகும், அளவு மீறித் திருகினால் எந்தப் படகும் காற்று வாங்கும். கதறல் கேட்ட உடனே ஆக்சிலேட்டரை விட்டு, சுக்கானைக் கொஞ்சம் நேராக்கி, தண்ணீர் பிடித்த பிறகு மெதுவாகக் கொடுக்க வேண்டும். மருமகனை வலப்பக்கமாக வளைக்கச் சொல்லி, நான் முகப்பில் உட்கார்ந்து காதை மட்டும் கொடுத்தேன். ஒரே சத்தம், ஏற்ற இறக்கமில்லை.

“இன்னொரு தடவை வளைக்கட்டுமா மாமா?” என்றான்.

“வளை மக்களே” என்றேன்.