பல் இம்ப்ளான்ட் வைப்பதற்கு முன்னால், போர் போடுகிறவன் சொல்வது

திருவையாறு பக்கம் 30 வருஷமாக போர் போடுகிறேன். வெளியே வரும் மண்ணைப் பத்தடிக்கு ஒரு குவியலாக வைத்துப் பார்த்துத்தான் ஃபில்டர் பைப் எங்கே வரவேண்டும் என்று முடிவு செய்வோம். களிமண்ணில் பைப் இறுக்கமாக இறங்கும், மணல் வந்ததும் பிடி தளர்ந்துபோகும். என் மனைவியின் தாடையிலும் அப்படி ஓர் இடம் இருந்தது.

கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி இரண்டு வருஷம் கழித்து, அந்த இடத்தில் இம்ப்ளான்ட் வைக்கப் போனோம். தாடை எலும்பில் ஸ்க்ரூ இறக்கி அதன்மேல் செயற்கைப் பல் மாட்டுவதுதான் இம்ப்ளான்ட். முதலில் பார்த்த இடத்தில் சின்ன எக்ஸ்ரே ஒன்றை எடுத்துவிட்டு, அடுத்த வாரமே வரச் சொன்னார்கள். எனக்கு ஒப்பவில்லை. தஞ்சாவூர் போய், தாடையை முப்பரிமாணமாகக் காட்டும் சிபிசிடி ஸ்கேன் எடுத்தோம். பல் இருந்த இடத்துக்குக் கீழே, ஓரம் சரியாகத் தெரியாத கறுப்புத் திட்டு. அவளுக்கு முகமே வெளிறிவிட்டது.

அங்கிருந்த டாக்டர் பொறுமையாகச் சொன்னார். எலும்பு நிரம்பியிருக்க வேண்டிய இடத்தில் மஜ்ஜையும் கொழுப்பும் நிற்கிறது. நடுவயதுப் பெண்களுக்கு, கீழ்த்தாடையின் பின்பக்கம், பல் எடுத்த இடத்தில் அதிகம் வரும். பெரும்பாலும் வலியே இருக்காது, அதற்கென்று வைத்தியமும் வேண்டாம். ஆனால் படத்தை வைத்து மட்டும் அடித்துச் சொல்ல முடியாது, சந்தேகம் இருந்தால் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்கும் பயாப்சிதான்.

ஆகவே ஸ்கேனைக் குறுக்குவெட்டாகத் திரையில் காட்டச் சொல்லுங்கள். ஸ்க்ரூ நுனிக்கும், கீழ்த்தாடைக்குள் நரம்பு ஓடும் கால்வாய்க்கும் 2 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். மஜ்ஜைக் குழியில் ஸ்க்ரூ சறுக்கிக் கீழே இறங்கிவிடவும் கூடும் என்பதால் இதை விடாதீர்கள். பழைய எக்ஸ்ரே இருந்தால் கொண்டுபோங்கள். எங்கள் வீட்டில் அது ரேஷன் கார்டு கவருக்குள் கிடந்தது! திட்டு அன்றும் அதே அளவில் இருந்ததைப் பார்த்ததும்தான் டாக்டருக்கே பாதி நிம்மதி. எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், ஸ்க்ரூ எவ்வளவு இறுக்கத்தில் நின்றது என்று கேளுங்கள். 35 நியூட்டன் சென்டிமீட்டர் என்றால் நல்ல பிடி. 10, 15 என்றால் அன்றைக்கே மேலே பல் மாட்டச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள்.

என் மனைவிக்கு ஓட்டையை ஸ்க்ரூவைவிடக் குறுகலாகப் போட்டு, எலும்புத் தூள் வைத்து, உள்ளிருந்து எடுத்த துணுக்கைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வெறும் மஜ்ஜைதான் என்று வந்தது. பல் மாட்ட ஐந்து மாதம் ஆனது.