சிறுத்தைப் பல்லியின் விரல்களில் ஒட்டிய சட்டையை அகற்றும் முறை

செல்லப்பிராணியாகத் தொட்டியில் வளர்க்கப்படும் லெப்பர்ட் கெக்கோ எனும் சிறுத்தைப் பல்லி, வளர்ந்த பின் ஏறத்தாழ 4 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை சட்டை உரிக்கும். அதற்கு முன்பே உடல் வெளிறிச் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும். உரித்த தோலைத் தானே தின்றுவிடும் என்பதால், தொட்டியில் தோல் கிடக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை. விரல்களைத்தான் பார்க்க வேண்டும். அங்கே மிஞ்சும் தோல் காய்ந்து, வளையமாக இறுகி, இரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடும். அறுந்த வால் மீண்டும் வளரும், விரல் வளராது. டொரன்டோவில் முதல் குளிர்காலத்தில், வீட்டின் சூடேற்றி காற்றை எவ்வளவு உலர்த்திவிடுகிறது என்பதை அறியாமல், எங்கள் பல்லி ஒரு விரல் நுனியை இழக்க விட்டுவிட்டோம்.

முதலில், மூடியில் துளையிட்ட டப்பாவில், பாதம் நனையும் அளவுக்கு மட்டும் 30 டிகிரி செல்சியஸ் நீர் ஊற்றி, பல்லியை 15 நிமிடம் விடுங்கள். வெப்பமானியால் அளப்பது அவசியம். நம் கைக்குச் சூடாகத் தெரியும் நீர் பல்லிக்கு மிக அதிகம்.

அடுத்து, நனைத்த பஞ்சுக்குச்சியை விரலின் அடியிலிருந்து நுனி நோக்கி மெல்ல உருட்டுங்கள். நான் தவறியது இங்கேதான்: ஊறாத தோலை இடுக்கியால் இழுத்தேன், இரத்தம் கசிந்தது. அதன் பிறகு இடுக்கியை எடுப்பதே இல்லை. நன்றாக ஊறிய தோலின் விளிம்பு தானே கிளம்பி, வெங்காயத்தின் மெல்லிய உட்சவ்வு போல, விரலுறையாகவே கழன்று வரும். வராவிட்டால் நிறுத்திவிட்டு மறுநாள் தொடருங்கள். விரல் வீங்கியோ கறுத்தோ இருந்தால், அல்லது கண்ணில் தோல் ஒட்டியிருந்தால், ஊர்வன மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

மீண்டும் ஒட்டாதிருக்க ஈர மறைவிடம் ஒன்று வேண்டும். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகியவற்றின் வறண்ட பாறை நிலங்களே இதன் தாயகம் என்றாலும், பகலில் அது ஒடுங்கும் வளைகளிலும் கல்லிடுக்குகளிலும் ஈரம் தங்கியிருக்கும். ஆகவே தொட்டி முழுவதும் நீர் தெளிப்பதை நான் ஏற்பதில்லை. பக்கவாட்டில் வாசல் வெட்டிய சிறு டப்பாவில் ஈரமான சமையலறை டிஷ்யூவை விரித்தாலே போதும்; ஈரம் தாங்க விரிக்கும் பாசியை (moss) விட இதையே விரும்புகிறேன், அழுக்கு உடனே தெரியும். அந்த டப்பாவை நான் பல வாரங்கள் குளிர்ந்த மூலையில் வைத்திருந்தேன், பல்லி எட்டியும் பார்க்கவில்லை. வெப்பத்தை ஒரே அளவில் வைக்கும் தெர்மோஸ்டாட் மூலம் தரை 32 டிகிரியில் இருக்கும் சூடான பக்கத்திற்கு மாற்றிய அன்றிரவே உள்ளே புகுந்து சுருண்டுகொண்டது.

பின்சேர்க்கை: டிஷ்யூவில் பூஞ்சை பிடிப்பதாகச் சிலர் எழுதியிருந்தனர், இரண்டு நாட்களுக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஈர மறைவிடம் இருந்தும் ஒவ்வொரு முறையும் தோல் ஒட்டினால், வைட்டமின் ஏ குறைபாடும் காரணமாக இருக்கலாம், ஏனெனில் இரையாகக் கொடுக்கும் வளர்ப்புப் புழுக்களிலும் பூச்சிகளிலும் அது மிகக் குறைவு. ஆனால் அளவு மீறினால் அதுவே நஞ்சாகும் என்பதால், மருத்துவர் சொல்லும் அளவில் மட்டும் கொடுங்கள்.