பழைய டிவியை டிஜிட்டலுக்கு மாற்றுவது எப்படி: தோட்டப்புற வீடுகளுக்கு ஒரு செய்முறை

மலேசியாவில் பழைய முறையான அனலாக் ஒளிபரப்பு 2019-இலேயே நின்றுவிட்டது. ஜூலையில் லங்காவியில் தொடங்கி அக்டோபர் 31-ஆம் தேதி சபா, சரவாக்கோடு எல்லாம் முடிந்தது. ஆனாலும் கெடாவில் எங்கள் கோலா கெட்டில் சுற்றுவட்டாரத்தில் இன்னும் எத்தனையோ வீடுகளில் பழைய டிவி துணி போர்த்திய நிலையில்தான் இருக்கிறது. மாதக் கட்டணம் கட்டிச் செயற்கைக்கோள் தட்டு வழியாகப் பார்த்தவர்கள் வேலை ஓய்வுக்குப் பிறகு அதை நிறுத்திவிடுகிறார்கள், அப்புறம் வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்குத் தமிழ்ச் செய்தி பார்க்கக்கூட வழியில்லாமல் போகிறது. டிவி2-இல் தமிழ்ச் செய்தியும் தமிழ் நிகழ்ச்சிகளும் இலவசமாகத்தான் வருகின்றன. அதை வீட்டுக்குள் கொண்டுவரப் பெரிய செலவும் இல்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படம் வரவில்லை என்றதும் எல்லாரும் டிகோடரைத்தான், அதாவது டிஜிட்டல் சிக்னலைப் படமாக்கி டிவிக்குக் கொடுக்கும் பெட்டியைத்தான் திட்டுகிறார்கள், கடைக்குப் போய் வேறு டிகோடர் வாங்குகிறார்கள். பத்தில் ஒன்பது பங்கு கோளாறு டிகோடரில் இருப்பதில்லை, கூரைக்கும் டிகோடருக்கும் இடையில்தான் இருக்கிறது. அதனால் காசு செலவழிப்பதானால் ஆன்டெனாவிலும் கேபிளிலும் செலவழியுங்கள். டிகோடர் சாதாரணமானதாக இருந்தால் போதும்.

முதலில், டிகோடர் தேவையா என்று பாருங்கள்

நம் நாட்டின் இலவச டிஜிட்டல் சேவையின் பெயர் மைஃப்ரீவியூ, நடத்துவது மைடிவி நிறுவனம். அது பயன்படுத்தும் தொழில்நுட்பம் டிவிபி-டி2. கடைசியில் இருக்கும் அந்த 2 முக்கியம். வெறும் டிவிபி-டி என்று போட்டிருக்கும் டிவியோ டிகோடரோ இங்கே உதவாது, டிவிபி-எஸ்2 என்றிருந்தால் அது தட்டுக்கானது, அதுவும் உதவாது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் சில டிகோடர்களின் படத்தில் ‘டிஜிட்டல்’ என்று பெரிதாக இருக்கும், விவரத்தில் இந்த 2 இருக்காது. வாங்கும் முன் விவரத்தைப் படியுங்கள்.

உங்கள் டிவிக்குள்ளேயே டிவிபி-டி2 இருந்தால் தனி டிகோடர் வேண்டாம், ஆன்டெனா கேபிளை நேராக டிவியில் செருகினால் போதும். பின்பக்கத்தை மட்டும் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. டிவியின் மாடல் எண்ணைத் தேடிப் பாருங்கள், அல்லது மெனுவில் சேனல் தேடும் இடத்தில் ‘டிடிவி’ என்ற தேர்வு வருகிறதா என்று பாருங்கள். பழைய பெட்டி டிவி என்றால் யோசிக்கவே வேண்டாம், டிகோடர் கட்டாயம் வேண்டும். அரசு உதவித்தொகை பெற்ற குடும்பங்களுக்கு மாற்றத்தின்போது இலவச டிகோடர் கொடுத்தார்கள். அப்படி வந்தது பல வீடுகளில் பெட்டிகூடப் பிரிக்காமல் அலமாரி மேல் இருக்கும், முதலில் அங்கே தேடுங்கள்.

ஆன்டெனா

கூரையில் ஏற்கெனவே இருக்கும் பழைய ஆன்டெனா ஓடுமா? நீள நீளமான குச்சிகள் கொண்டது என்றால் அது வி.எச்.எஃப். என்ற பழைய அலைவரிசைக் காலத்து ஆன்டெனா. டிஜிட்டல் முழுக்க யு.எச்.எஃப். அலைவரிசையில், 470 முதல் 694 மெகாஹெர்ட்ஸ் வரை வருகிறது, அதற்குக் குச்சிகள் ஒரு சாண் அளவில் குட்டையாகவும் நிறையவும் இருக்கும். பழையதில் குட்டைக் குச்சிகளும் இருந்து, துருப்பிடிக்காமல் இருந்தால் தாராளமாக முயன்று பாருங்கள். இல்லையென்றால் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று போடுங்கள்.

வீட்டுக்குள் சன்னலோரம் வைக்கும் சின்ன ஆன்டெனாவை நான் பரிந்துரைக்க மாட்டேன். சுங்கைப் பட்டாணி டவுனில் மாடி வீட்டுக்கு அது சரிப்படலாம். தகரக் கூரை போட்ட ஒற்றை மாடி வீட்டுக்கு, சுற்றிலும் செம்பனை நிற்கும் இடத்துக்கு, அது வீண் செலவு. அட்டையில் ‘நூறு கிலோமீட்டர் இழுக்கும்’ என்றெல்லாம் போட்டிருப்பதையும் நம்ப வேண்டாம். குழாய்க் கம்பத்தில் மாட்டும் சாதாரண நீள யு.எச்.எஃப். ஆன்டெனாதான் என் விருப்பம். இரும்புக் கடையில் கிடைக்கும், உடைந்தாலும் நாமே சரி செய்யலாம்.

செம்பனையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். யு.எச்.எஃப். அலைக்கு இலை பிடிக்காது, மழையில் நனைந்த இலை இன்னும் மோசம். உங்கள் வீட்டுக்கும் ஒளிபரப்புக் கோபுரத்துக்கும் நடுவில் செம்பனை வரிசை இருந்தால் காலையில் படம் தெளிவாக இருக்கும், மாலை மழைக்குப் பிறகு கட்டம் கட்டமாக உடையும். மரம் வருடா வருடம் உயர்கிறது என்பதால் மூன்று நான்கு வருடம் நன்றாக வந்தது திடீரென்று கெடவும் செய்யும். மறுநடவு நடந்து பழைய மரங்களைச் சாய்த்ததும் தானாகவே சரியான வீடுகளும் உண்டு. மரத்துக்கு மேலே போகும் அளவு கம்பத்தை உயர்த்த முடியவில்லை என்றால், வீட்டின் வேறு மூலைக்கு மாற்றி மரங்களுக்கு இடையே சந்து கிடைக்கிற பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். சில அடி நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும்.

எந்தத் திசை

எங்கள் பக்கம் இது சுலபம். ஜெராய் மலை உச்சியில்தான் கோபுரம், 1,217 மீட்டர் உயரத்தில். கோலா கெட்டிலிலிருந்து அது வடமேற்கில் இருக்கிறது. காலையில் மேகம் இறங்கும் முன் மலையைக் கண்ணால் பார்க்க முடிந்தால் ஆன்டெனாவின் நுனியை, அதாவது குட்டைக் குச்சி இருக்கும் பக்கத்தை, அதை நோக்கித் திருப்பினால் போதும். கைபேசித் திசைகாட்டியை இரும்புக் கம்பத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள், தவறாகக் காட்டும். சில அடி தள்ளி நின்று பாருங்கள்.

வேறு ஊர்க்காரர்கள் மைடிவி இணையத்தளத்தில் உள்ள அலைவீச்சு வரைபடத்தில் தங்கள் இடத்தைப் பார்க்கலாம். ஈப்போ பக்கம் கிளெடாங் மலை, ஜொகூரில் லெடாங் மலை என்று ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒன்று இருக்கிறது. பாலிங்கை நெருங்க நெருங்க மலைகள் மறைக்கும் இடங்கள் உண்டு, அங்கே வரைபடத்தைப் பார்க்காமல் கம்பம் நட வேண்டாம். குச்சிகள் படுக்கையாக இருக்க வேண்டுமா செங்குத்தாக இருக்க வேண்டுமா என்ற சந்தேகம் வந்தால், நன்றாகப் படம் வரும் பக்கத்து வீட்டுக் கூரையைப் பார்த்து அதேபோல மாட்டுங்கள்.

கம்பம் நடும் இடத்துக்கு மேலே மின்கம்பி போகிறதா என்று கட்டாயம் பாருங்கள். கம்பம் சாய்ந்தால் கம்பியைத் தொடும் தூரம் என்றால் அந்த இடமே வேண்டாம்.

கேபிள்

ஆர்ஜி6 என்று அச்சிட்ட கேபிள் வாங்குங்கள். மெல்லிய பழைய கேபிள் நீளமாகப் போனால் பாதி சிக்னலை அதுவே தின்றுவிடும். நுனியில் போடும் எஃப் கனெக்டர் திருகும் வகையிலும் அழுத்தும் வகையிலும் கிடைக்கும். அழுத்தும் வகைக்குத் தனிக் கருவி வேண்டும், ஆனால் அதுதான் வருடக்கணக்கில் நிற்கும். பக்கத்தில் யாரிடமாவது கருவி இருந்தால் இரவல் வாங்குங்கள்.

கேபிளை உரிக்கும்போது வெளியே சுற்றியிருக்கும் மெல்லிய கம்பி வலையில் ஒரு மயிரிழைகூட நடுக்கம்பியைத் தொடக்கூடாது. தொட்டால் சிக்னல் அங்கேயே செத்துவிடும். நடுக்கம்பி கனெக்டரின் விளிம்பைத் தாண்டி 2, 3 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். வெயிலிலும் மழையிலும் இருக்கும் இணைப்பின் மேல் கறுப்பு டேப் மட்டும் சுற்றினால் சீக்கிரம் பசை உருகிப் பிரிந்துவிடும். இழுத்துச் சுற்றினால் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் கிடைக்கிறது, அதைச் சுற்றுங்கள். கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் கீழே தொங்கி மேலேறுவதுபோல ஒரு வளைவு விடுங்கள், மழைத்தண்ணீர் அதன் வழியே உள்ளே வராமல் அங்கேயே சொட்டிவிடும்.

ஆன்டெனா பவர்: எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம்

எங்கள் வீட்டில் நேரம் பிடித்தது இங்கேதான், இப்போதும் பலர் என்னிடம் வந்து நிற்பது இதற்குத்தான், அதனால் மெதுவாகவே சொல்கிறேன்.

கடையில் விற்கும் ஆன்டெனாக்களில் பாதிக்குமேல் உள்ளேயே பூஸ்டர், அதாவது சிக்னலைப் பெருக்கும் கருவி இருக்கும். பூஸ்டருக்கு மின்சாரம் வேண்டும். ஆனால் பெட்டியைப் பிரித்தால் மின்சாரத்தில் செருக எதுவுமே இருக்காது. காரணம், அந்த மின்சாரம் அதே கேபிள் வழியாக டிகோடரிலிருந்து மேலே போக வேண்டும், 5 வோல்ட். டிகோடரில் அது முதலில் நிறுத்தித்தான் வைக்கப்பட்டிருக்கும். மின்சாரம் போகாத பூஸ்டர் சும்மா இருப்பதோடு நிற்காது, வரும் சிக்னலையும் வழிமறிக்கும். பூஸ்டரே இல்லாத ஆன்டெனாவைவிட மோசமாக இருக்கும். ஆகவே தேடினால் ஒன்றும் வராது, அல்லது ஒன்றிரண்டு சேனல் வந்து உறையும். திசைதான் தப்பு என்று நினைத்துக் கம்பத்தைத் திருப்பிக்கொண்டே இருப்போம். அதில் எந்தப் பயனும் இல்லை.

டிகோடர் மெனுவில் சேனல் தேடும் பகுதிக்குப் போங்கள். ‘ஆன்டெனா பவர்’ என்றோ வெறும் ‘5வி’ என்றோ ஒரு வரி இருக்கும். அதை ஆன் செய்யுங்கள். ஆன் செய்ததும் ஷார்ட் என்று செய்தி வந்தால் நான் மேலே சொன்ன மயிரிழைக் கம்பி தொட்டுக்கொண்டிருக்கிறது, கனெக்டரைத் திரும்பப் போடுங்கள்.

உங்கள் பூஸ்டருக்குத் தனி அடாப்டர் கொடுத்திருந்தால் இதை ஆஃபிலேயே விடுங்கள், இரண்டு பக்கமிருந்தும் மின்சாரம் கொடுக்கக்கூடாது. பூஸ்டர் இல்லாத ஆன்டெனாவுக்கும் ஆஃப்தான். டிவிக்குள்ளேயே டிகோடர் இருக்கும் வகையில் பல டிவிகளில் இந்த 5 வோல்ட் வசதி இருக்காது, அதற்கு யுஎஸ்பி-யில் செருகி கேபிளுக்கு மின்சாரம் கொடுக்கும் சின்ன இணைப்பு ஒன்று விற்கிறார்கள், வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. டிகோடரை யாராவது ‘ரீசெட்’ செய்தால் இந்த அமைப்பு மறுபடி ஆஃபுக்குப் போய்விடும். திடீரென்று எல்லாச் சேனலும் காணாமல் போனால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

டிவியோடு இணைத்துத் தேடுவது

புது டிவி என்றால் எச்டிஎம்ஐ கேபிள். பழைய டிவி என்றால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏவி கேபிள். சில சின்ன டிகோடர்களில் மூன்றுக்கும் சேர்த்து ஹெட்போன் துளை மாதிரி ஒரே துளைதான் இருக்கும். அந்தக் கேபிள் தொலைந்து வேறொன்று வாங்கினால் உள்ளிணைப்பு மாறியிருக்கும், மஞ்சளில் படம் வராது. பயப்பட வேண்டாம், சிவப்பையோ வெள்ளையையோ மஞ்சள் துளையில் செருகிப் பாருங்கள், படம் எதிலாவது வந்துவிடும். ஏவி துளையே இல்லாத மிகப் பழைய டிவிக்கு ஆன்டெனா துளை வழியாகவே படத்தைக் கொடுக்கும் ஆர்எஃப் மாடுலேட்டர் என்ற இன்னொரு சின்னப் பெட்டி வேண்டும். அந்த அளவுக்குப் பழையது என்றால், இரண்டாம் கை டிவி ஒன்று பார்ப்பதே மேல் என்பது என் எண்ணம்.

டிவி ரிமோட்டில் ஏவி அல்லது எச்டிஎம்ஐ-க்கு மாற்றிவிட்டு, டிகோடரில் தானியங்கித் தேடலை ஓட விடுங்கள். டிவி1 101-இல், டிவி2 102-இல், டிவி3 103-இல் வந்து உட்காரும். பழைய பெட்டி டிவியில் எல்லாரும் ஒல்லியாக நீண்டு தெரிந்தால் டிகோடர் மெனுவில் திரை அளவை 4:3 என்று மாற்றுங்கள்.

வந்துவிட்டது என்று உடனே ஏணியை எடுத்து வைத்துவிடாதீர்கள். பல டிகோடர்களில் இன்ஃபோ பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் இரண்டு கோடுகள் காட்டும், ஒன்று சிக்னலின் பலம், மற்றது தரம். நீங்கள் பார்க்க வேண்டியது தரம். அனலாக்கில் சிக்னல் குறையக் குறையப் புள்ளி புள்ளியாகப் படம் மங்கும், ஆனாலும் பார்க்கலாம். டிஜிட்டலில் ஒரு எல்லை வரை கண்ணாடி மாதிரி இருக்கும், அதற்குக் கீழே போனால் உறைந்து நின்றுவிடும். அந்த எல்லைக்குப் பக்கத்திலேயே விட்டுவிட்டால் முதல் மழையில் போய்விடும். ஒருவர் உள்ளே கோட்டைப் பார்த்துச் சத்தம் கொடுக்க, மற்றவர் ஆன்டெனாவை மெல்ல மெல்லத் திருப்ப வேண்டும். திருப்பி நிறுத்தியதும் சில விநாடி காத்திருங்கள், கோடு தாமதமாகத்தான் மாறும்.

பிறகு சேர்த்தவை

இதைப் படித்துச் செய்து பார்த்தவர்கள் சொன்னதில் எனக்கே புதிதாக இருந்த ஒன்று: ஒரே ஆன்டெனாவைப் பிரித்து முன்கூடத்திலும் அறையிலும் இரண்டு டிகோடர் வைத்திருக்கிறார்கள், கூடத்து டிகோடரை அணைத்தால் அறையில் படம் போய்விடுகிறது. கேபிளைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர்கள் பலவற்றில் ஒரு வாய் வழியாக மட்டும்தான் 5 வோல்ட் மேலே போகும், அதைக் கொடுக்கும் டிகோடர் அணைந்தால் பூஸ்டரும் அணைந்துவிடும். இரண்டு டிவி என்றால் தனி அடாப்டர் உள்ள பூஸ்டர் போடுங்கள். ஸ்ப்ளிட்டர் சிக்னலையும் பாதியாக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

பலம் முழுதாகக் காட்டுகிறது, தரம் மட்டும் ஏறவே இல்லை என்று கேட்டிருந்தார்கள். பக்கத்தில் கைபேசிக் கோபுரம் இருக்கிறதா என்று பாருங்கள். முன்பு டிவிக்கு இருந்த 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியை இப்போது கைபேசிச் சேவைக்குக் கொடுத்துவிட்டார்கள், பழைய பூஸ்டர் அதையும் சேர்த்துப் பெருக்கித் திணறும். முதலில் பூஸ்டரைக் கழற்றிப் பாருங்கள். அதில் சரியாகவில்லை என்றால் கைபேசி அலையைத் தடுக்கும் எல்டிஇ ஃபில்டர் ஒன்று வாங்கி, அலை பூஸ்டருக்குள் நுழையும் முன் மாட்டுங்கள். பூஸ்டர் ஆன்டெனாவுக்குள்ளேயே இருந்தால் ஃபில்டர் உள்ள ஆன்டெனாவாக மாற்றுவதுதான் வழி.

பழைய தட்டையே இதற்குப் பயன்படுத்தலாமா என்பவர்களுக்கு: முடியாது, அது செயற்கைக்கோளுக்கானது. தட்டு நின்ற கம்பம் உறுதியாக இருந்தால் அதில் ஆன்டெனாவை மாட்டிக்கொள்ளலாம், கேபிள் ஆர்ஜி6 என்றால் அதையும் பயன்படுத்தலாம், நுனி கனெக்டரை மட்டும் புதிதாகப் போடுங்கள்.

இடி மின்னல் தொடங்கும் முன்பே ஆன்டெனா கேபிளை டிகோடரிலிருந்து கழற்றிவிடச் சொல்லி வீட்டில் எல்லாருக்கும் பழக்குங்கள், பெரியவர்களுக்கும்தான். மின்சாரச் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. இடி தொடங்கிய பிறகு நினைவு வந்தால் கேபிளைத் தொடாமல் விட்டுவிடுங்கள். கழற்றிய நுனியை டிவி மேலேயே விடாமல் சன்னல் பக்கம் தள்ளி வையுங்கள்.