கும்மிருட்டில் இசை கேட்க ஓர் அறை

விளக்கை அணைத்தால் வருவது மங்கல்தான், இருட்டு அல்ல. ஆஸ்திரிய இசையமைப்பாளர் கேயார்க் ஃப்ரீட்ரிஷ் ஹாஸ் 2001-இல் எழுதிய மூன்றாவது ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டை (நாலு தந்தி வாத்தியங்களுக்கான இசை) வாசிப்பவர்கள் முழு இருட்டில், மூலைக்கு ஒருவராக உட்கார்ந்து, மனப்பாடமாக வாசிக்க வேண்டும். அந்த இருட்டை 10-க்கு 12 அடி அறையில் நாமும் உண்டாக்கலாம். நாலு பேருக்கு மேல் வேண்டாம்.

1. ஜன்னல் கண்ணாடியில் சமையலறை அலுமினிய ஃபாயிலை இரண்டு மடிப்பாக ஒட்டுங்கள். கறுப்புத் துணி மட்டும் போதாது. பகல் வெளிச்சம் நெசவின் இடுக்கில் கசியும். இன்சுலேஷன் டேப்பைச் சட்டத்தில் மட்டும் ஒட்டுங்கள், சுவரில் ஒட்டினால் பெயின்ட் உரிந்து வரும். கதவின் அடியில் சுருட்டிய துண்டு.

2. சுவிட்ச் போர்டு இண்டிகேட்டர், ஏசி, ரூட்டர், ஸ்பீக்கர் என்று எல்லாச் சின்ன விளக்குகளையும் டேப்பால் மூடுங்கள்.

3. இப்போது உள்ளே 20 நிமிடம் சும்மா உட்காருங்கள். இதைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம். மங்கலில் பார்க்க உதவும் விழித்திரையின் ராட் செல்கள் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். முதல் நிமிடத்தில் கண்ணில் படாத கீல் இடுக்கு அப்போது கோடாகத் தெரியும். அதையும் அடையுங்கள். கைக்கு மங்கலான சிவப்பு டார்ச். வெள்ளை வெளிச்சம் ஒரு தடவை பட்டால்கூடப் பழகிய கண் கெட்டுவிடும்.

4. ஒலிக்கு இலவச மென்பொருள் ஆடாசிட்டி போதும். ஜெனரேட் மெனுவில் டோன், சைன் அலை. தனித்தனி டிராக்கில் 55, 110, 110.5 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வு), ஒவ்வொன்றும் 30 நிமிடம். ஆம்ப்ளிட்யூட் (அலையின் உயரம், அதாவது சத்தத்தின் அளவு) 0.2. தானாக வரும் 0.8-ஐ அப்படியே விட்டால் மூன்றும் கூடி 1-ஐத் தாண்டிக் கரகரக்கும். தொடக்கத்தில் ஒரு நிமிடம் ஃபேட் இன் கொடுங்கள், சத்தம் மெல்ல மெல்ல ஏறும்.

கடைசி இரண்டுக்கும் இடையே அரை ஹெர்ட்ஸ் வித்தியாசம். ஆகவே இரண்டு நொடிக்கு ஒருமுறை ஒலி ஏறி இறங்கும். 110.1 என்று வைத்தால் பத்து நொடிக்கு ஒருமுறை. 110 ஹெர்ட்ஸின் அலைநீளம் 3 மீட்டருக்குச் சற்று மேல், கிட்டத்தட்ட அறையின் அகலமே அதுதான். சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் சேர்வதால் தலையை இரண்டரை அடி நகர்த்தினாலே சத்தம் மாறும். இருட்டில் இது பக்கத்தில் யாரோ நடப்பதுபோல இருக்கும். செல்போன் ஸ்பீக்கரில் 55 கேட்கவே கேட்காது. குறைந்தது ஐந்து இன்ச் ஸ்பீக்கர் வேண்டும்.

5. லேப்டாப்பை மூடினாலும் உறங்காதபடி செட்டிங்கில் மாற்றுங்கள், இல்லாவிட்டால் பாதியில் நிற்கும். மின்விசிறி, ஏசி இரண்டையும் நிறுத்திவிட வேண்டும். அறையை முன்கூட்டியே குளிர வையுங்கள்.

6. எல்லோரும் உட்கார்ந்த பிறகே விளக்கை அணையுங்கள். தாழ்ப்பாள் கூடாது. சிலருக்கு மூச்சு முட்டுவதுபோல ஆகலாம். கதவருகே டார்ச்சோடு ஒருவர் இருக்கட்டும், "போதும்" என்ற குரல் வந்ததும் திறக்கட்டும். முடிந்ததும் டியூப் லைட்டைப் போடாதீர்கள், கண் கூசும். கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்தால் போதும்.