தோட்டத்து நத்தைகளை எண்ணுவது எப்படி

மழை விட்ட இரவில், எட்டரை மணி வாக்கில், சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கை ஒட்டிய சமூகத் தோட்டத்துக்குக் கைவிளக்கோடு போனால் பசலைக் கொடியின் அடியில் ஆப்பிரிக்கப் பெருநத்தைகள் மேய்ந்துகொண்டிருக்கும். "ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டன, மருந்து வைத்துவிடலாம்" என்றார் தோட்டக் குழுவில் ஒருவர். "இருபது முப்பதுதான், கையால் பொறுக்கினால் போதும்" என்றார் வெண்டைப் பாத்தி வைத்திருக்கும் மலாய் மக்சிக் (மலாயில் 'அத்தை' போன்ற மரியாதைச் சொல்). எத்தனை இருக்கின்றன என்று தெரியாமல் மருந்து வைத்தாலும் சரி, பொறுக்கினாலும் சரி, பலன் கிடைத்ததா என்று பிறகு எப்படிச் சொல்வது? அதனால் நானும் உயர்நிலை ஒன்றில் படிக்கும் என் பேத்தியும் எண்ணத் தொடங்கினோம். உங்கள் தோட்டத்திலும் நீங்கள் செய்து பார்க்க வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

எல்லா நத்தைகளையும் எண்ண முடியாது. பாதி மண்ணுக்குள், கல்லுக்கடியில், பூந்தொட்டியின் உள்விளிம்பில் ஒளிந்திருக்கும். அதற்குத்தான் குறியிட்டு மறுபடி பிடிக்கும் முறை. ஒரு நாள் கொஞ்சம் பிடித்து, அடையாளம் வைத்து விட்டுவிட வேண்டும். சில நாள் கழித்து மறுபடி பிடித்தால், அதில் அடையாளம் உள்ளவை என்ன விகிதமோ, ஏறக்குறைய அதே விகிதத்தில்தான் மொத்தத் தொகையிலும் இருக்கும். டென்மார்க்கின் மீன் ஆய்வாளர் பீட்டர்சன் 1896இல் தட்டை மீன்களுக்குக் குறியிட்டு இந்த வழியைக் காட்டினார். அமெரிக்காவில் லிங்கன் என்ற பறவை ஆய்வாளர் 1930இல் வளையமிட்ட வாத்துகளைக் கொண்டு இதே கணக்கைப் போட்டார்.

முதலில் கையுறை. இது இல்லாமல் தொடங்காதீர்கள். எலிகளின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவின் குஞ்சுகள் இந்த நத்தைகளுக்குள் வளரும். அவை மனிதரின் வாய்க்குள் போனால் மூளைச் சவ்வு அழற்சி வரலாம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தோட்டத்துக் கீரையை நன்றாக அலசாமல் பச்சையாகச் சாப்பிடாதீர்கள். பூங்காவிலோ இயற்கை வனப்பகுதியிலோ இதைச் செய்யப் போகாதீர்கள். அங்கே தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் உயிரினங்களைப் பிடிக்கக் கூடாது. உங்கள் பாத்தி, உங்கள் குழுவின் சம்மதம், அதோடு போதும்.

ஒரு வாளி, நகச்சாயம் ஒரு புட்டி, மெல்லிய காகிதக் கைக்குட்டை, அளவுகோல், நோட்டுப் புத்தகம். இதில் நகச்சாயத்தின் நிறம் முக்கியம். முதல் தடவை பேத்தி ஆசைப்பட்டாள் என்று பளிச்சென்ற சிவப்பு வாங்கினோம். கைவிளக்கு வெளிச்சத்தில் சிவப்புப் பொட்டு வைத்த நத்தை தூரத்திலிருந்தே தெரிந்தது, மற்றவை தெரியவில்லை. அதாவது, குறியிட்டவற்றையே தேடிப் பிடித்துக்கொண்டிருந்தோம். அப்படிப் பிடித்தால் மொத்தத் தொகை உண்மையைவிடக் குறைவாக வரும். இப்போது கரும்பச்சை. ஓட்டின் பெரிய சுற்றில், வாய்ப்பக்கம் தரையைப் பார்த்திருக்கும் அடிப்புறத்தில் ஒரு சின்னப் புள்ளி. கையில் எடுத்துத் திருப்பினால்தான் தெரியும். ஓட்டின் வாய் விளிம்பில்தான் புது ஓடு வளரும், அந்த மெல்லிய விளிம்பைத் தொடாதீர்கள். ஈரத்தைத் துடைத்துவிட்டுப் புள்ளி வையுங்கள். ஈர ஓட்டில் வைத்த சாயம் மறுநாளே உரிந்துவிட்டது.

மூன்று சென்டிமீட்டருக்கு மேல் நீளமுள்ளவற்றை மட்டும் எண்ணுகிறோம். குஞ்சுகள் கண்ணுக்கு அகப்படாது, குறியும் நிற்காது. பிடித்த இடத்திலேயே திரும்ப விடுங்கள். ஒருமுறை சோம்பலில் எல்லாவற்றையும் வாளியிலிருந்து ஒரே மூலையில் கொட்டிவிட்டோம். நான்கு நாள் கழித்தும் அவை அந்த மூலையிலேயே கூட்டமாக இருந்தன, கணக்கு வீணானது. குழுவில் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டு எண்ணிக்கைக்கும் நடுவில் யாராவது நத்தைகளைப் பொறுக்கி எறிந்தால் கணக்கு கெட்டுவிடும். இடைவெளி மூன்று நான்கு நாள் இருக்கட்டும். ஒரே நாள் என்றால் கலக்காது. ஒரு மாதம் என்றால் சில செத்திருக்கும், புதியவை வந்திருக்கும். இரண்டு இரவும் மழைக்குப் பிந்தையவையாக இருப்பது நல்லது. காய்ந்த நாளில் பாதி நத்தைகள் ஓட்டுக்குள் முடங்கிக்கொள்ளும்.

எங்கள் எண்கள் இவை. முதல் இரவு 34 பிடித்துக் குறியிட்டோம். நான்காம் இரவு 41 பிடித்தோம், அவற்றில் 9இல் கரும்பச்சைப் புள்ளி. எளிய கணக்கில் 34ஐ 41ஆல் பெருக்கி 9ஆல் வகுத்தால் 155 வருகிறது. சிறிய எண்களில் இது கொஞ்சம் கூடுதலாகக் காட்டும் என்பதால் 1951இல் சாப்மன் என்ற புள்ளியியலாளர் ஒரு திருத்தம் தந்தார்: மூன்று எண்களோடும் ஒன்றைக் கூட்டி அதே கணக்கைப் போட்டு, கடைசியில் ஒன்றைக் கழிக்க வேண்டும். 35 பெருக்கல் 42, வகுத்தல் 10, கழித்தல் 1. விடை 146. ஆயிரமும் இல்லை, முப்பதும் இல்லை.

146 என்பதைக் கல்லில் எழுதிவிடாதீர்கள். 35, 42, 25, 32 ஆகியவற்றைப் பெருக்கி, 10இன் வர்க்கத்தையும் 11ஐயும் பெருக்கி வந்ததால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய 33. விடை எவ்வளவு தள்ளிப்போகலாம் என்பதற்கான அளவு இது. (25 என்பது 34இலிருந்து 9 போக மீதி, 32 என்பது 41இலிருந்து 9 போக மீதி.) அதன் இரு மடங்கைக் கூட்டியும் கழித்தும் பார்த்தால் உண்மைத் தொகை சுமார் 80க்கும் 210க்கும் இடையில் இருக்கலாம். இந்த அகலத்தை, அதாவது வீச்சை, நோட்டில் எழுதாமல் விடாதீர்கள்.

ஏனென்றால், அடுத்து நடந்தது இது. 60 நத்தைகளைப் பொறுக்கி அகற்றினோம். மூன்று மாதம் கழித்து மறுபடி எண்ணினோம்: முதல் பிடி 29, இரண்டாம் பிடி 38, அவற்றில் குறியுள்ளவை 8. விடை 129. "தாத்தா, குறைந்துவிட்டதே!" என்று பேத்தி துள்ளினாள். அகலத்தைப் போட்டுப் பார் என்றேன். போட்டாள், இரண்டு வீச்சும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. குறைந்தது என்று சொல்ல எங்களிடம் ஆதாரமில்லை. அறுபதை எடுத்த பிறகும் ஏன் இப்படி? ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாக இருப்பது. ஒரு தடவைக்கு இருநூறு முட்டைக்கு மேல்கூட இடக்கூடியது. பெரியவை குறைந்ததும் மிச்சமிருந்த குஞ்சுகளுக்குத் தீனியும் ஒதுங்க இடமும் கூடுதலாகக் கிடைத்தன என்பது என் கணிப்பு. அவை வளர்ந்து மூன்று சென்டிமீட்டரைத் தாண்டி எங்கள் எண்ணிக்கைக்குள் வந்துவிட்டன. ஆகவே இப்போது முட்டைகளைத் தேடுகிறோம். உரக்குவியலின் ஓரத்தில், இரண்டு விரல் ஆழத்தில், வெளிர் மஞ்சள் சவ்வரிசிபோல் கொத்தாக இருக்கும்.

நத்தை தின்னும் வேறொரு பிராணியைக் கொண்டுவந்து விடலாமே என்றும் குழுவில் பேச்சு வந்தது. கடுமையாக மறுத்தேன். பசிபிக்கில் மூரியா தீவில் இதே பெருநத்தையை ஒழிக்க 1977இல் ஓநாய் நத்தை என்ற கொன்றுண்ணியை விட்டார்கள். அது அத்தீவுக்கே உரிய பார்டுலா நத்தைகளைத் தின்று, சுமார் பத்தாண்டுகளில் அவற்றை ஏறக்குறைய முழுவதுமாகக் காட்டிலிருந்து துடைத்துவிட்டது. இனங்கள் எப்படிப் பிரிந்து உருவாகின்றன என்பதைப் பல தலைமுறை அறிவியலாளர்கள் அந்த நத்தைகளிடம்தான் படித்தார்கள். நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

நோட்டில் ஏழு பத்தி போடுங்கள்: தேதி, மழை பெய்ததா, முதல் பிடி, இரண்டாம் பிடி, குறியுள்ளவை, விடை, வீச்சு. எங்கள் அடுத்த எண்ணிக்கை வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும். இந்த முறை மக்சிக்கும் வாளியோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.