ஜிசிசியை மூலநிரலிலிருந்து கட்டும்முன்: கன்ஃபிகர் வரியை எப்படி அமைப்பது

சி, சி++ போன்ற மொழிகளுக்கான கம்பைலர் தொகுப்பான ஜிசிசியைக் கட்டும்போது எரர் கண்ணில் படுவது, கட்டும் வேலையைச் செய்யும் மேக் கட்டளை ஓடத் தொடங்கி வெகுநேரம் கழித்துத்தான். காரணம் பெரும்பாலும் அதற்கு முன்பே, எதை எப்படிக் கட்டுவது என்று தீர்மானிக்கும் கன்ஃபிகர் கட்டளையில் கொடுத்த ஒரு ஆப்ஷனிலோ கொடுக்காமல் விட்ட ஒன்றிலோ இருக்கும். அந்த ஒரு வரியைத்தான் இங்கே பார்க்கிறோம். எடுத்துக்காட்டு: 64 பிட் எக்ஸ்86 லினக்ஸ், ஜிசிசி 14.2. கணினியில் ஏற்கெனவே உள்ள கம்பைலரைத் தொடாமல் புதியதைத் தனியாக நிறுவ வேண்டும். ஆப்ஷன் பெயர்களை உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறோம். டெர்மினலில் ஒவ்வொன்றுக்கும் முன்னால் இரண்டு கோடு போட வேண்டும், சொற்களுக்கு நடுவே ஒரு கோடு.

முதலில் தேவைகள். ஜிசிசி 11 முதல் 14 வரை, அதைக் கட்டவே சி++11 தெரிந்த ஒரு கம்பைலர் வேண்டும். இப்போதைய எந்த லினக்ஸிலும் அது இருக்கும். டெபியன், உபுண்டுவில் பில்ட்-எசென்ஷியல் பேக்கேஜைப் போட்டால் போதும். அடுத்து எண் கணக்கீட்டுக்கான மூன்று நூலகங்கள் கட்டாயம்: ஜிஎம்பி 4.3.2, எம்பிஎஃப்ஆர் 3.1.0, எம்பிசி 1.0.1, அல்லது அவற்றுக்குப் பிந்தைய பதிப்புகள். நான்காவதான ஐஎஸ்எல் இல்லாவிட்டாலும் கம்பைலர் கட்டப்படும். கிராஃபைட் என்ற லூப் மேம்பாடு மட்டும் கிடைக்காது.

இந்த நூலகங்களைத் தனித்தனியாகக் கட்டி எங்கோ ஒரு ஃபோல்டரில் வைத்து, வித்-ஜிஎம்பி போன்ற ஆப்ஷன்களால் காட்டுவதைத் தவிர்த்துவிடுங்கள். மூலநிரலின் மேல்மட்ட ஃபோல்டரில் நின்றுகொண்டு, கான்ட்ரிப் ஃபோல்டரில் உள்ள டவுன்லோட்_ப்ரீரெக்விசிட்ஸ் ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். கான்ட்ரிப்புக்குள் போய் ஓட்டினால் வேலை செய்யாது. நான்கு நூலகங்களையும் ஸ்கிரிப்டே இறக்கி மூலநிரலுக்குள் இணைத்துவிடும், கம்பைலரோடு சேர்ந்தே அவை கட்டப்படும். இதனால் வரும் பெரிய நன்மை, அவை ஸ்டாட்டிக்காக, அதாவது கம்பைலருக்குள்ளேயே, சேர்வதுதான். ஓடும்போது ஏற்றப்படும் தனிக் கோப்பாக, அதாவது ஷேர்டு நூலகமாக, வேறு இடத்தில் வைத்தால், புதிய கம்பைலர் ஓடும் நேரத்தில் அவற்றைக் கண்டுபிடிக்க முடியாமல் நின்றுபோக வாய்ப்பு உண்டு. அதன் அறிகுறியைக் கீழே சொல்கிறோம்.

மூலநிரலுக்கு வெளியே, அதன் பக்கத்தில், காலியான ஒரு பில்ட் ஃபோல்டர் உருவாக்குங்கள். மூலநிரலுக்கு உள்ளேயே துணை ஃபோல்டர் வைத்துக் கட்டுவதை ஜிசிசி ஆதரிப்பதில்லை. மூலநிரல் ஃபோல்டரிலேயே கட்டுவது நடக்கலாம் என்றாலும், அந்த வழியை யாரும் போதிய அளவு சோதிப்பதில்லை. பில்ட் ஃபோல்டருக்குள் நின்று, ../ஜிசிசி-14.2.0/கன்ஃபிகர் என்று வெளியிலிருந்து அழைப்பதுதான் சரியான முறை.

எந்தெந்த ஆப்ஷன்?

ப்ரிஃபிக்ஸ்: நிறுவ வேண்டிய இடம். கொடுக்காவிட்டால் /யூஎஸ்ஆர்/லோக்கல். அங்கே மற்ற மென்பொருள்களோடு கலந்துவிட்டால் பிறகு நீக்குவது பெரும் தலைவலி. /ஆப்ட்/ஜிசிசி-14.2.0 மாதிரி பதிப்பு எண்ணோடு ஒரு இடம் கொடுங்கள். வேண்டாமென்றால் அந்த ஃபோல்டரை அழித்தால் வேலை முடிந்தது. பில்ட் ஃபோல்டருக்கு உள்ளே ப்ரிஃபிக்ஸை வைக்காதீர்கள். ஹோம் டைரக்டரியில் நிறுவுவதானால் டில்டே (~) குறியை நம்ப வேண்டாம், சில ஷெல்கள் அதை விரிக்காது. ஹோம் மாறியையோ ($HOME) முழுப் பாதையையோ எழுதுங்கள்.

எனேபிள்-லேங்குவேஜஸ்: எதையும் சொல்லாவிட்டால் சி, சி++ தவிர ஃபோர்ட்ரான், ஆப்ஜெக்டிவ்-சி ஆகியவையும் சேர்ந்து கட்டப்படும். தேவை சி, சி++ மட்டும் என்றால் அந்த இரண்டையும் காற்புள்ளியிட்டு எழுதுங்கள், நடுவே இடைவெளி விடாமல். ஏடா மொழி வேண்டுமானால் கணினியில் ஏற்கெனவே ஓடும் ஏடா கம்பைலர், அதாவது நாட், இருக்க வேண்டும். டி மொழிக்கும் ஜிசிசி 12 முதல் அதே விதி.

டிசேபிள்-மல்டிலிப்: அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. 64 பிட் எக்ஸ்86-இல் ஜிசிசி இயல்பாகவே 32 பிட் நூலகங்களையும் சேர்த்துக் கட்டப் பார்க்கும். அதற்கு 32 பிட் சி நூலகமும் ஹெடர்களும் வேண்டும். அவை இல்லாவிட்டால் கன்ஃபிகரே நின்று, 32 பிட் டெவலப்மென்ட் நூலகங்கள் இல்லை போலிருக்கிறது என்று சொல்லும். 32 பிட் நிரல் எழுதப் போவதில்லை என்றால் இந்த ஆப்ஷனைக் கொடுத்துவிடுங்கள்.

டிசேபிள்-பூட்ஸ்ட்ராப்: இதைக் கொடுக்கும்முன் யோசியுங்கள். இயல்பான முறையில் கம்பைலர் மூன்று முறை கட்டப்படுகிறது. பழைய கம்பைலர் முதல் கட்டத்தை உருவாக்கும், அது இரண்டாவதை, இரண்டாவது மூன்றாவதை. கடைசி இரண்டின் ஆப்ஜெக்ட் கோப்புகளும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடப்படும். வேறுபட்டால் எங்கோ தவறான நிரல் உருவாகிறது என்று பொருள். அன்றாட வேலைக்கு நம்பப்போகும் கம்பைலர் என்றால் இந்தச் சோதனையை விட்டுக்கொடுக்காதீர்கள். ஜிசிசியிலேயே மாற்றம் செய்து திரும்பத் திரும்பக் கட்டுபவர்களுக்கு அதை நிறுத்துவது நியாயமே, நேரம் பெருமளவு மிச்சமாகும்.

ப்ரோக்ராம்-சஃபிக்ஸ்: -14 என்று கொடுத்தால் கட்டளைகள் ஜிசிசி-14, ஜி++-14 என்று நிறுவப்படும், பழையதோடு குழப்பம் வராது. வித்-ஆர்ச் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. அது கம்பைலரை வேகமாக்குவதில்லை. அது உருவாக்கும் நிரல்கள் எந்தப் பிராசசருக்கானவை என்ற இயல்பு அமைப்பை மாற்றுகிறது. தெரியாமல் கொடுத்தால், இங்கே கட்டிய நிரல் வேறு கணினியில் ஓடாமல் போகலாம்.

இதற்கு மேல் தேவையில்லை. உங்கள் லினக்ஸில் உள்ள ஜிசிசியை -வி போட்டு ஓட்டினால் அதைக் கட்டிய நீண்ட கன்ஃபிகர் வரி தெரியும். அதை அப்படியே நகலெடுக்க வேண்டாம். அதில் பாதி, அந்த லினக்ஸ் தன் ஃபோல்டர்களை அமைத்திருக்கும் விதத்துக்காகவும் பேக்கேஜ் முறைக்காகவும் சேர்த்தவை.

ஓட்டுவதற்கு முன், என்விரான்மென்ட் மாறிகளைப் பாருங்கள். நூலகங்களைத் தேடும் இடங்களின் பட்டியலான லைப்ரரி_பாத் மாறியின் முடிவில் ஒரு முக்காற்புள்ளி தொங்கினாலே போதும்: காலியான இடம் நடப்பு ஃபோல்டராகக் கொள்ளப்பட்டு, கன்ஃபிகர் மறுத்துவிடும். அன்செட் செய்துவிட்டுத் தொடங்குவதே பாதுகாப்பு.

ஓட்டியதும், எந்தெந்த மொழிகள் கட்டப்படும் என்று ஒரு வரி வரும். அதைப் படியுங்கள். எனேபிள், டிசேபிள், வித் என்று தொடங்கும் ஆப்ஷன்களில் தனக்குத் தெரியாததைக் கண்டு மேல்மட்ட கன்ஃபிகர் எச்சரிப்பதில்லை. எழுத்துப்பிழையோடு அடித்த அத்தகைய ஆப்ஷன் சத்தமில்லாமல் வீணாகும்.

கன்ஃபிகர் சீக்கிரம் முடிந்துவிட்டது என்று மகிழ வேண்டாம். அது மேல்மட்டத்துக்கு மட்டுமே. ஒவ்வொரு துணை ஃபோல்டரின் கன்ஃபிகரும் மேக் ஓடும்போதுதான் நடக்கும். ஆப்ஜெக்ட் கோப்புகளின் சஃபிக்ஸைக் கண்டறிய முடியவில்லை என்ற புகழ்பெற்ற எரர் அப்படி நடுவில் வருவதுதான். பில்ட் ஃபோல்டரின் மேல்மட்டத்தில் உள்ள கன்ஃபிக்.லாகில் அதற்கு விடை இருக்காது. டார்கெட், அதாவது நிரல்கள் ஓடப்போகும் கணினி வகையின் பெயர் கொண்ட ஃபோல்டரில், லிப்ஜிசிசிக்குள் இருக்கும் கன்ஃபிக்.லாகைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் எம்பிசி அல்லது எம்பிஎஃப்ஆரின் ஷேர்டு நூலகம் கிடைக்கவில்லை என்றிருக்கும். மேலே சொன்ன ஸ்கிரிப்ட் வழியில் போனால் இது வராது.

ஆப்ஷனை மாற்றினால் பழைய பில்ட் ஃபோல்டரை முழுதாக அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். பழைய கேஷ் கோப்புகளின் மேல் மறுபடி கன்ஃபிகர் செய்தால் எந்த எரர் எதனால் என்றே தெரியாது.

ஒரே நேரத்தில் எத்தனை வேலை ஓடலாம் என்று சொல்லும் மேக் -ஜே எண்ணைக் கோர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வைக்காதீர்கள், ரேமையும் பாருங்கள். சிசி1ப்ளஸ் (ஜிசிசியின் சி++ கம்பைலர்) கில் செய்யப்பட்டது என்று வந்தால் நினைவகம் போதவில்லை என்று பொருள். எண்ணைக் குறைத்து அதே ஃபோல்டரில் மேக்கை மீண்டும் ஓட்டலாம்.

நிறுவிய பின், புதிய ஜி++ கட்டிய நிரல் ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் (GLIBCXX) பதிப்பு இல்லை என்று நின்றால், அது கணினியின் பழைய சி++ நூலகமான லிப்எஸ்டிடிசி++-ஐ எடுத்துக்கொண்டிருக்கிறது. ப்ரிஃபிக்ஸின் கீழுள்ள லிப்64 ஃபோல்டரை, லிங்க் செய்யும்போதே ஆர்பாத்தாக, அதாவது நிரல் ஓடும்போது நூலகத்தைத் தேடும் இடமாகக் கொடுங்கள்.